ஊதா வண்ண ஐஸ் குச்சி

முதல் வாக்கியத்தைத் தமிழில் சொல்வதா இங்கிலீஷில் சொல்வதா என்பது மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை, மற்றதெல்லாம் தயார். தமிழில் சொன்னால் இந்த ஷைலஜா மிஸ் தலையைச் சாய்த்துக்கொண்டு, அப்படியெல்லாம் இல்லைங்க மேடம் என்று குழைந்தே தப்பித்துவிடுவாள். இங்கிலீஷில் சொன்னால் தப்பிக்க முடியாது. என் இங்கிலீஷுக்கு முன்னால் இதுவரை யாரும் தப்பித்ததில்லை, கேஸ் ஏஜென்சிக்காரனும் சரி, பெங்களூரிலிருந்து வந்து இறங்குகிற நாத்தனாரும் சரி. கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ்தான் வரும், அதுவும் கான்வென்ட் இங்கிலீஷ், ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டு மடித்தது, குரலை உயர்த்தவே தேவையிருக்காது. ஏழாம் வகுப்பு பி பிரிவில், பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில், முழங்கால் மேஜையின் அடியில் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் என் மகள் தனா. இன்றைக்குப் பெற்றோர் கூட்டம். முன்னால் ஒருவர் எழுந்து மிஸ்ஸிடம் போனதும் பின்னால் இருக்கிற எல்லாரும் ஓரிடம் நகர வேண்டும், அதுதான் இங்கே வரிசை. பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டியையும் பேன்ட்டையும் தேய்த்துத் தேய்த்து நகர்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. பென்சில் சீவிய தூளும் நேற்றைய சாம்பாரும் பினாயிலும் சேர்ந்த வாடை, அது மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் மாறாது போல. கதவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆயா ஒவ்வொருவர் எழும்போதும் நெக்ஸ்டு என்கிறாள். நெக்ஸ்டு வாங்க. கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டி, பேருந்து நிலையத்தில் ஊர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் என் பின்கழுத்தில் ஏதோ சுருக்கென்கிறது. அதைப் பற்றி இப்போது நினைக்கப் போவதில்லை. இப்போது குச்சி.

குச்சி கைப்பையில் இருக்கிறது. திறந்து பார்த்துக்கொண்டேன், சீப்புக்கும் மாத்திரை அட்டைக்கும் நடுவில் பத்திரமாக இருக்கிறது. சப்பிவிட்டு எறிகிற சாதாரண ஐஸ் குச்சிதான், ஆனால் ஊதா வண்ணம் அடித்து, ஓரத்தில் ஒரு மீன் வரைந்து, நடுவில் பிரார்த்தனா என்று குண்டு குண்டாக எழுதியது என் மகள். பள்ளி திறந்ததும் ஷைலஜா மிஸ் செய்த ஏற்பாடு இது. வகுப்பில் ஆளுக்கொரு குச்சி, எல்லாம் ஒரு தகர டப்பாவில். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மிஸ் ஒரு குச்சியை உருவுவாளாம், எந்தப் பெயர் வருகிறதோ அந்தப் பிள்ளை பதில் சொல்ல வேண்டுமாம். கையைத் தூக்குகிற பிள்ளைகளே தினமும் பேசிக்கொண்டிருந்தால் மற்ற பிள்ளைகள் எப்போது பேசுவது என்று முதல் கூட்டத்தில் அவள் சொன்னபோது நான்கூடப் பரவாயில்லையே இந்தப் பெண் என்று நினைத்தேன். நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். போன வாரம் யூனிஃபார்மைத் துவைக்கப் போடும்போது பாவாடைப் பையில் இது கையில் தட்டுப்பட்டது. டப்பாவில் இருக்க வேண்டியது உன் பாக்கெட்டில் என்னடி செய்கிறது என்று கேட்டேன். தனா சுவரில் சாய்ந்துகொண்டாள். மி, மி என்று ஆரம்பித்து, மிஸ் என்றவரை வந்து, அதற்கு மேல் போக முடியாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அடுப்பில் குக்கர் கத்துகிறது, வாசலில் தண்ணீர் கேன்காரன் கத்துகிறான். மிஸ் எடுத்துட்டாங்களா, டப்பாலேர்ந்து, உன்னக் கேக்கவே வேணாம்னு, என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் பிள்ளை சொல்லித்தான் எனக்கு விளங்க வேண்டுமா, அவள் முதல் எழுத்தைத் தொடும்போதே நான் கடைசி எழுத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். பேசச் சிரமப்படுகிற பிள்ளை, வகுப்பின் நேரத்தைத் தின்கிற பிள்ளை, அதன் குச்சியை மட்டும் யாருக்கும் தெரியாமல் உருவிப் போட்டுவிட்டால் பாடம் சர்ரென்று ஓடும். நன்றாக ஓடட்டும். இன்றைக்கு இந்தக் குச்சியை அவள் மேஜை மேல், அந்தச் சிரித்த முகம் ஒட்டிய பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சத்தம் வருகிற மாதிரி வைக்கப் போகிறேன். சத்தம் வர வேண்டும். வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் வைத்து வைத்துப் பார்த்தேன், குச்சி லேசாக இருப்பதால் சத்தமே வரவில்லை, உள்ளங்கையோடு சேர்த்து வைத்தால்தான் வருகிறது.

நெக்ஸ்டு. நகர்ந்தேன், தனாவும் நகர்ந்தாள். பிரார்த்தனா என்று பெயர் வைத்தது நான்தான், என் வீட்டுக்காரர் வைக்கவில்லை. வைக்கும்போது இவளுக்குத் திக்கும் என்று யாருக்குத் தெரியும், பகரத்தில் ஆரம்பித்து அதன் காலிலேயே ஒரு ரகரத்தைக் கட்டிவிட்ட பெயர், பாவம் தன் பெயரைச் சொல்லவே தெருவைத் தாண்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது. தனா என்று சுருக்கியதும் நான்தான். அதற்கும் கடைகளில் பெயர் கேட்டால் நானே முந்திச் சொல்லிவிடுவேன். மதுரையில் ஒரு பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்ணிடம் கூட்டிப் போனோம், அவள் என்ன சொன்னாள், குழந்தை பேசும்போது கண்ணைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருங்கள், வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். சொல்வதற்கென்ன, ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். வீட்டில் பால் பொங்கும்போது, இவர் ஒரு பக்கம் துண்டைத் தேடும்போது, வாசலில் மணி அடிக்கும்போது, கண்ணைப் பார்த்துக்கொண்டு நில் என்றால் எங்கே நிற்பது. இவர் மின்சார வாரியத்தில் இருக்கிறார், இந்தக் கூட்டத்துக்கு ஒரு தடவை வந்ததில்லை, எல்லாம் வயசானா தன்னால சரியாப் போயிடும் விடு என்பார். தன்னால் எது சரியாகியிருக்கிறது. கரண்டு தன்னால் வருகிறதா, எவனாவது கம்பத்தில் ஏறினால்தானே வருகிறது. எனக்கும்தான் இங்கிலீஷ் வராதது தன்னால் சரியாகும் என்று நினைத்தார்கள். தன்னால் ஆகவில்லை. நான் ஆக்கிக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருத்தியைப் பழிவாங்குவதற்காக, சொல் சொல்லாக.

இல்லை, அதை நினைக்கப் போவதில்லை என்றேனே. ஆனால் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்த இங்கிலீஷ் ரீடர் வகுப்பு, ஜன்னல் கம்பியின் நிழல் சாய்ந்து தரையில் கிடக்க, ஹையசிந்த் மிஸ் மேஜையைச் சிவப்புப் பென்சிலால் தட்டிக்கொண்டு, ரோஸ் பவுடரும் கற்பூர உருண்டையும் கலந்த அவள் சேலை வாசனை, அதை நான் நினைப்பதில்லை, அதுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. முனிசிபல் பள்ளியில் ஐந்தாவது வரை படித்துவிட்டு ஆறாவதுக்குக் கான்வென்ட்டில் போய் விழுந்தவள் நான், பெயர் தில்லைநாயகி. காலணா மதிப்பில்லாத அந்தப் பெயரை ஹையசிந்த் மிஸ் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை, எட்டாவதுக்குப் போன பிறகும் நான் நியூ கேர்ள்தான். ரீடரில் ஆளுக்கொரு பத்தி, பெஞ்சு வரிசைப்படி. எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரலால் எண்ணி, என் பத்தி எது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, மற்றவர்கள் வாசிக்கும்போது அதையே உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் கலங்கரை விளக்கத்தில் காவலிருக்கும் ஒரு கிழவனைப் பற்றிய பத்தி. முந்தின நாளே கணக்குப் போட்டு, யாரும் லீவு போடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, ராத்திரி அப்பாவின் அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் உச்சரிப்புக் கேட்டு, அவர் தப்புத் தப்பாகச் சொல்ல, அதையும் நம்பி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். எனக்கு முந்தியவள் முடித்தாள். நான் எழுந்தேன். பெஞ்சு கிறீச்சிட்டது. புத்தகத்தை மார்புக்கு நேரே பிடித்து, மூச்சை இழுத்தேன், சிவப்புப் பென்சில் டொக் என்றது. நெக்ஸ்ட். எனக்கு அடுத்து இருந்த ப்ளாசம் எழுந்து என் பத்தியை வாசித்தாள், என் கிழவனை, என் விளக்கை, என் கடலை. அன்றைக்கு மட்டும் இல்லை, அந்த வருஷம் முழுக்க. பென்சில் என் பெஞ்சைத் தாண்டும்போது ஒரு தாண்டு தாண்டும், பள்ளத்தைப் பார்த்த ஸ்கூட்டர் மாதிரி. அடிக்கவில்லை, திட்டவில்லை, முட்டி போட வைக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்திருக்கும். இப்போதும் அந்தப் பத்தி எனக்கு ஒரு கமா விடாமல் தெரியும். பாத்திரம் விளக்கும்போது சொல்வேன். எவளுக்கும் வாசித்துக் காட்டாத பத்தி.

அதற்குப் பிறகுதான் இங்கிலீஷைப் பிடித்தேன், ஆசையில் இல்லை, ஆத்திரத்தில். டிக்‌ஷனரியைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற மாதிரி தினமும் தின்றேன். பள்ளி முடிக்கும்போது அந்தக் கான்வென்ட்டிலேயே என்னைப் போல் பேச ஆளில்லை, ஆனால் அப்போது ஹையசிந்த் மிஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். பார்த்தாயா என்று காட்டுவதற்கு வளர்த்த நாக்கு, காட்ட வேண்டியவள் கிளம்பிப் போய்விட்டாள், நாக்கு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. கல்யாணமானதும் அதற்கு வேலையும் இல்லை, கேஸ் ஏஜென்சியும் நாத்தனாரும்தான். பிறகு பழைய மாணவிகள் கூட்டம் என்று ஒரு வருஷம் கூப்பிட்டார்கள். அவளும் வந்திருந்தாள், சக்கர நாற்காலியில், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, அதே பவுடர். ஒரு வாரம் உட்கார்ந்து வாக்கியங்கள் தயார் செய்துகொண்டு போயிருந்தேன், இன்றைக்கு இந்தக் குச்சிக்குத் தயார் செய்திருப்பதைவிடக் கூர்மையானவை. முன்னால் போய் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை குளிர்ந்து, தாளைப் போல் இருந்தது. தமிழில் பேசினாள், அவளுக்குத் தமிழ் வரும் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீ ரொம்பக் கூச்சப்படுவே இல்ல, பாவம், அதான் உன்ன நான் சிரமப்படுத்தவே மாட்டேன், ஞாபகமிருக்கா, என்றாள். சிரித்தாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு உபகாரம், வருஷம் முழுக்க எனக்குச் செய்த உபகாரம். தயார் செய்து வைத்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. உபகாரம் செய்தவளை எந்த வாக்கியத்தால் குத்துவது. தேங்க் யூ மிஸ் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஆமாம், நானேதான், தேங்க் யூ என்றேன், அதை நினைத்தால் இப்போதும் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் வாக்கியங்கள் போகவில்லை. இன்றைக்கு அவற்றுக்கெல்லாம் ஒரு முகம் கிடைத்திருக்கிறது, காட்டன் சேலையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக, தம்ளரில் ஊற்றின பால் மாதிரி ஒரு சிரிப்போடு.

நெக்ஸ்டு. தனா என் முந்தானையை இழுத்தாள். குனிந்தேன். அம்மா, அந்தக் கு, கு, என்றாள். குச்சிதானே, இருக்கு, பத்திரமா வெச்சிருக்கேன், நீ பயப்படாத, நீ ஒண்ணும் பேச வேணாம், நான் பேசிக்கிறேன், என்றேன். அவள் முந்தானையை விட்டுவிட்டாள். மேஜையில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள், வீட்டில் எதையாவது சொல்ல வந்து சொல்லாமல் விடும்போது செய்கிற அதே சுரண்டல். முன் பெஞ்சுப் பெண்மணி திரும்பினாள், கழுத்தில் காசுமாலை, சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டத்துக்குக் காசுமாலை. ஹர்ஷிதாவோட அம்மா என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள், இங்கே எங்களுக்கெல்லாம் சொந்தப் பெயர் கிடையாது. இவதான் பிரார்த்தனாவா, எங்க ஹர்ஷி வந்து சொல்லுவா, இவ பேசி முடிச்சா மிஸ் எல்லாரையும் கை தட்டச் சொல்லுவாங்களாமே, ரோஜாப்பூ மாதிரி கைய விரிச்சு விரிச்சு, எங்க ஹர்ஷி எவ்வளவு கரெக்டாச் சொன்னாலும் அவளுக்குத் தட்டறதில்லைன்னு ஒரே அழுகை, கொடுத்து வெச்ச பொண்ணுங்க, என்றாள். எனக்குக் காது மடல் சூடேறியது. அப்படிப்போடு. முதலில் என் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி, சர்க்கஸில் கரடி சைக்கிள் ஓட்டிய மாதிரி கை தட்ட வைத்திருக்கிறாள். பிறகு அதுவும் அலுத்துப்போய்க் குச்சியை உருவிவிட்டாள். எல்லாம் பொருந்துகிறது. இதையும் சேர்த்துக்கொண்டேன், மூன்றாவது வாக்கியமாக. தனாவைத் திரும்பிப் பார்த்தேன், ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது, அவள் காதும் என் காதைப் போலவே சிவந்திருந்தது. ஏன்டி எங்கிட்டச் சொல்லல என்று கேட்க நினைத்தேன், கேட்டால் அவள் பதில் சொல்ல ஆரம்பிப்பாள், அதற்குள் வரிசை நகர்ந்துவிடும்.

சுவர் முழுக்க சார்ட் ஒட்டியிருக்கிறது. தப்பு செய்தால்தான் கற்றுக்கொள்வோம் என்று ஒன்று, அதில் ஒரு யானை. கேள்விக்குப் பிறகு மௌனம் என்று ஒன்று, அதில் உதட்டில் விரல் வைத்த ஆந்தை. அழகழகாக எழுதி ஒட்டத் தெரிகிறது இந்தக் காலத்து மிஸ்களுக்கு, ஹையசிந்த் மிஸ்ஸுக்கு ஒரு சிவப்புப் பென்சில் போதும். இன்னும் இரண்டு பேர்தான் முன்னால். கைப்பையைத் திறந்து மறுபடியும் குச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். கோபம்தான், பயமில்லை. பயமும்தான். நான் குத்திவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விடுவேன், திங்கட்கிழமை காலையில் இதே அறைக்குள் இவள்தானே தனியாக வந்து உட்கார வேண்டும். அந்தப் பால் சிரிப்பு மாறாமலே இந்த மிஸ் என் பிள்ளையைத் தாண்டித் தாண்டிப் போனால் என்ன செய்வேன். போகட்டும், இப்போதும்தான் தாண்டுகிறாளே. அதைவிட ஒரு பயம், அதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை, இவளும் என்னைப் போல் ஆகிவிடுவாளோ என்று. எனக்காவது உள்ளே தேங்கியது வெளியே வர ஒரு வழி கிடைத்தது, யாரையாவது கிழித்தாவது வரும். இவளுக்குத் தேங்கினால் எந்த வழியாக வரும். நேற்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று தன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கதவிடுக்கில் பார்த்தேன், மூன்றாம் தடவை ஒரு திக்கும் இல்லாமல் வந்தது, முகம் மலர்ந்தது. நான் உள்ளே போனதும் நின்றுவிட்டது. ஏன் நின்றது. துண்டை எடுக்கத்தான் போனேன். நெக்ஸ்டு. காசுமாலை எழுந்து போனது. ஹர்ஷிதாவுக்குக் கணக்கில் என்ன குறைவு என்று அவள் கேட்கும் சத்தம் கேட்கிறது. இங்கிலீஷ்தான், முடிவாகிவிட்டது. முதலில் ஒரு நன்றி சொல்ல வேண்டும், அதுதான் கான்வென்ட் முறை, கத்தியை எடுப்பதற்கு முன்னால் கைக்குட்டையை எடுக்க வேண்டும். நெக்ஸ்டு.

மிஸ்ஸுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, குச்சியை அவள் மேஜை மேல் உள்ளங்கையோடு வைத்தேன். சத்தம் வந்தது, நினைத்ததைவிட அதிகமாக, பின்னால் பேச்செல்லாம் நின்றது. முதல் வாக்கியம் வழுக்கிக்கொண்டு வந்தது, உங்கள் கருணைக்கு நன்றி, என் மகளின் பெயரை டப்பாவிலிருந்து எடுத்துவிட்ட அந்தக் கருணைக்கு. இரண்டாவதும் வந்தது, சிரமப்படுகிற குழந்தையைத் தாண்டிப் போவது ஒரு பாடத்திட்டமா என்று. ஷைலஜா மிஸ் முகத்திலிருந்து பால் வடிந்துவிட்டது. நான் எதிர்பார்த்தபடி குழையவில்லை, குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மீனை விரலால் தடவினாள். பிறகு அலமாரி மேலிருந்து அந்தத் தகர டப்பாவை இறக்கி, குச்சிகளைக் கிளறி, ஒன்றை எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள். வண்ணம் இல்லாத வெறும் குச்சி, பிரார்த்தனா என்று பெரியவர்கள் கையெழுத்தில் எழுதியிருந்தது. தமிழில்தான் பேசினாள். இவ குச்சி மட்டும் காணாமப் போயிட்டே இருக்குது மேடம், நான் புதுசு புதுசா எழுதிப் போட்டுட்டே இருக்கேன், யாரோ கேலி பண்றதுக்கு எடுக்கறாங்கன்னு நெனச்சு எல்லார் பையையும் சோதிக்கலாமான்னுகூட யோசிச்சேன், இவ பையைத் தவிர. அழுதுவிடுவாள் போல இருந்தது, சின்னப் பெண்தான், பக்கத்தில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே கருப்பு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தனாவைப் பார்த்தோம். நீயா எடுத்தே பிரார்த்தனா என்று கேட்டாள் மிஸ். தனாவின் உதடு குவிந்தது. கழுத்து நரம்பு எழும்பியது. இல்ல மிஸ், அவ அப்படிச் செய்ற பொண்ணு இல்ல, என்று சொல்ல என் நாக்கு எழுந்துவிட்டது, அப்போது மிஸ் ஒரு கையைத் தூக்கினாள். தனாவை நோக்கி இல்லை, என்னை நோக்கி. ஸ்கூட்டரை நிறுத்துகிற போலீஸ்காரர் மாதிரி, எனக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி, ஆனால் கண் தனாவின் கண்ணிலேயே இருந்தது.

இப்படி ஒரு மௌனத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. மின்விசிறி சுற்றுகிறது, சார்ட்டின் ஒரு மூலை படபடக்கிறது, ஆந்தை விரலை எடுக்கவே மாட்டேன் என்கிறது. ந, ந, என்கிறாள் என் பிள்ளை, அந்தச் சொல் முழுசாக என் வாயில் இருக்கிறது, பல்லுக்குப் பின்னால் துள்ளுகிறது, எடுத்துக் கொடுத்தால் முடிந்துவிடும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். பின்னால் யாரோ வாட்சைப் பார்க்கிறார்கள், எனக்குத் தெரியும், நானும் பார்த்திருப்பேன். கைப்பையின் வாரை முறுக்கினேன். நான்தான் எடுத்தேன், என்றாள் தனா. மூச்சு வாங்கினாள். மி, மிஸ்ஸுக்குத் தெரியாம எடுத்தேன்னு அ, அன்னிக்கே சொல்ல வந்தேன். மிஸ் வரைக்கும்தான் வந்தேன். மீதிய அம்மா சொல்லிட்டாங்க. எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏம்மா எடுத்தே, பேசப் பிடிக்கலையா, என்று கேட்டாள் மிஸ். தனா தலையை ஆட்டினாள். பேசறது பி, பிடிக்கும் மிஸ். திக்கினா நீங்க காத்துட்டு இருப்பீங்க, அ, அதுவும் பிடிக்கும். முடிச்ச உடனே கை த, கை த, என்று நின்றாள், மிஸ் காத்திருந்தாள், நானும், வேறு வழியில்லாமல். கை தட்டச் சொல்றீங்க. வேற யாருக்கும் தட்டறதில்ல. ஷைலஜா மிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். என் உள்ளே ஏதோ எக்களித்தது, இதோ கிடைத்துவிட்டது, மூன்றாவது வாக்கியம், கரடியும் சைக்கிளும், என் பிள்ளையே எடுத்துக் கொடுத்துவிட்டாள், கேட்டுக்கோங்க மேடம் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். தனா என் பக்கம் திரும்பினாள். ஒரு திக்கு இல்லை, ஒரு மூச்சு கூட வாங்கவில்லை.

"அம்மா, நீயும்தான்."

தெளிவாக, என் குரலில். குரலை உயர்த்தாமல், இஸ்திரி போட்டு மடித்த மாதிரி. எங்கே கற்றாள் என்று கேட்க வேண்டியதில்லை. வேறு யாருக்கும் நான் வார்த்தையை எடுத்துக் கொடுப்பதில்லை, இவளுக்கு மட்டும்தான். திறந்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன், கோபம் வந்தது, வந்த கோபத்துக்கு யார் மேல் விழுவதென்று தெரியவில்லை, மிஸ் மேல் விழப் பார்த்தது, அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இனிமே தட்ட மாட்டோம்மா என்கிறாள், செத்துப்போன ஹையசிந்த் மிஸ் மேல் விழப் பார்த்தது, அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, சிரமப்படுத்த மாட்டேன் என்று என் கையைப் பிடிக்கிறாள், அந்தக் கை என் கை மாதிரியே இருக்கிறது, மோதிரம்கூட. தனா ஊதாக் குச்சியை எடுத்தாள். டப்பாவில் போடவில்லை, கையில் வைத்துக்கொண்டு, மிஸ் இன்னும் ஒண்ணு, என்று ஆரம்பித்தாள். இ, இனிமே என் குச்சி வந்தா, என்றாள், கழுத்து நரம்பு மறுபடியும் எழுந்தது, ஒரு பெரிய சொல்லாக இருக்க வேண்டும், எந்தச் சொல் என்று எனக்குத் தெரியவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே தெரியவில்லை. அப்போது கதவுப் பக்கமிருந்து ஆயா குரல் கொடுத்தாள், நெக்ஸ்டு வாங்க. எனக்குப் பின்னாலிருந்த ஹெல்மெட்காரர் எழுந்தார், பெஞ்சு கிறீச்சிட்டது, தனாவின் கண் அந்தப் பக்கம் ஓடியது, சொல் பாதியில் நின்றது. பின்கழுத்தில் சுருக்கென்றது. நான் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரும்பி, எத்தனையோ வருஷமாக வைத்திருந்த முகத்தோடு அந்த மனிதரையும் ஆயாவையும் அவர்களுக்குப் பின்னால் இருந்த காற்றையும் பார்த்தேன்.

"உக்காருங்க. என் பொண்ணு இன்னும் பேசி முடிக்கல."